பெயர் சொல்லி, இடம் சொல்லி

பிப்ரவரி 10, திருநீற்றுப் புதன்

இது ஃபாதர் டேமியன் கொடுத்த நோட்டு. ஊரில் ஒன்பது அன்பியம், ஒன்பது நோட்டு. ஒவ்வொரு அன்பியத் தலைவியும் தன் தெருவுக்காக என்ன செபித்தாள், என்ன செய்தாள் என்று தவக்காலம் முடிகிறவரை எழுதி, கடைசியில் அவரிடம் ஒப்படைக்க வேண்டுமாம். மற்ற எட்டுப் பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். எனக்கென்ன வந்தது? முப்பத்தோரு வருஷம் பால்வாடியில் ரிஜிஸ்டர் எழுதின கை இது.

ஆகவே: கித்தேரியம்மாள், தெற்குத் தெரு, புனித செபஸ்தியார் அன்பியம், இருபத்திரண்டு குடும்பம். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வீட்டில் கூடுவோம். பைபிள் வாசித்து, ஒருத்தர் கஷ்டத்தை ஒருத்தர் சொல்லி மன்றாடி, சுக்குக்காப்பி குடித்துக் கலைவோம். ஞாயிறு பூசையில் மைக் முன்னால் நின்று மன்றாட்டு வாசிப்பதும் அன்பியங்களுக்கு முறை வைத்து வரும். எங்கள் முறை 28ஆம் தேதி.

அதற்காக இப்போதே எழுதிக்கொண்டு போயிருந்தேன். இன்றைய கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். "உலகெங்கும் துன்புறும் மக்கள் அனைவருக்காகவும்" என்று ஆரம்பித்ததும் ஃபாதர் சிரித்துவிட்டார். முப்பத்திரண்டு வயசுப் பையன்.

"டீச்சர், இது மொட்டை மன்றாட்டு. அட்ரஸ் எழுதாம லெட்டர் போட்டா எங்க போய்ச் சேரும்? பெயர் சொல்லி, இடம் சொல்லி, நோவு சொல்லிக் கேளுங்க."

எட்டுப் பேரும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். மொட்டையாம். சரி, இருக்கட்டும்.

பிப்ரவரி 12, வெள்ளி

அன்பியம் கூடியது. பதினாறு குடும்பம் வந்தது. ஃபாதர் சொன்னபடி எல்லாரையும் பெயர் சொல்லி, இடம் சொல்லிக் கேட்கச் சொன்னேன். எல்லாருக்கும் ஒரே நோவுதான்: சுருக்குமடி. வடக்குத் தெருக்காரர்கள் போடும் அந்தப் பெரிய வலை குஞ்சு குளுவான் விடாமல் அள்ளிவிடுகிறது. எங்கள் வள்ளங்கள் வெறுமனே கரையேறுகின்றன. ஒரே கோயில், ஒரே கல்லறைத் தோட்டம், வலைதான் வேறு.

என் மூத்தவன் ரெமிஜியூஸ், "செபம் போதும்மா, இனி வேற வழி பாக்கணும்" என்றான். வாயை மூடு என்றேன். இளையவன் அன்செல்ம் ஒன்றும் பேசவில்லை. அவன் எப்போதும் பேசமாட்டான். கோயிலில் மைக்செட் பார்க்கிறவன், மற்றவர்கள் பேசுவது சரியாகக் கேட்கிறதா என்பதுதான் அவன் கவலை.

பிப்ரவரி 14, ஞாயிறு

நேற்று விடியும்போது வடக்குக் கரையில் சுருக்குமடி தீப்பற்றி எரிந்துபோனதாம். யார் செய்தார்களோ. வலைக்குக் காவல் படுத்திருந்த கிழவருக்கு இரண்டு காலும் வெந்துவிட்டதாம். அவர் தெலஸ்போரின் அப்பா. தெலஸ்போர் என் பால்வாடியில் படித்தவன். சத்துமாவு உருண்டையைப் பிட்டுப் பிட்டு ஊட்டினால்தான் தின்பான்.

ரெமியின் சட்டையை இரண்டு தடவை துவைத்தேன். மண்ணெண்ணெய் வாடை லேசில் போவதில்லை.

பிப்ரவரி 16, செவ்வாய்

காலை ஒன்பது மணிக்கு மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்தேன். ரெமி வள்ளத்திலிருந்து வலையை இறக்கிக்கொண்டிருந்தான். வடக்கிலிருந்து ஏழெட்டுப் பேர் ஓடி வந்தார்கள். முன்னால் தெலஸ்போர். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தான். கையில் சணல் சுற்றிய உருண்டை ஒன்று.

"எங்கப்பன எரிச்சவன் எவம்ல?" என்று கத்திக்கொண்டே எறிந்தான்.

ரெமி அதைப் பிடித்தான். அதுதான் எனக்கு ஆறவில்லை. விலகியிருந்தால் மணலில் விழுந்திருக்கும். சின்ன வயசிலிருந்தே அவன் பக்கம் எதை எறிந்தாலும் பிடித்துவிடுவான், பந்தைப் பிடிப்பதுபோல வலது கையை நீட்டிப் பிடித்தான்.

சத்தத்தில் என் காது அடைத்துப் போயிற்று. ரெமியின் வாய் திறந்திருந்தது, கத்துவது எனக்குக் கேட்கவில்லை. மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. ரத்தம் என் மீன்பெட்டிக்குள் பாய்ந்தது. சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினேன், அதுவும் நனைந்து சொட்டியது. தெலஸ்போர் ஓடும்போது மடியில் வைத்திருந்த இன்னொன்று வெடித்து அவன் தொடையும் கருகியது. அதைப் பார்த்தேன். பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 17, புதன்

கையைக் காகம் தூக்குவதற்குள் அன்செல்ம் எடுத்துவிட்டான். ஐஸ் பெட்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். ஒட்ட முடியாது, ஒட்டுவதற்கு இதில் என்ன இருக்கிறது என்றாராம் டாக்டர். அதே பெட்டியில் திருப்பிக் கொண்டுவந்தான்.

கல்லறைத் தோட்டத்தில் என் மாமனார் குழியோரம் புதைத்தோம். கோயில்பிள்ளை ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, "டீச்சர், இத எந்தப் பேர்ல எழுதட்டும்?" என்று கேட்டார். அன்செல்ம் அவரை அடிக்கப் போய்விட்டான். பிடித்து நிறுத்தினேன். இவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை.

கத்தாரிலிருந்து இவர்கள் அப்பா போன் பண்ணினார். "நீ செபம் பண்ணு, தைரியமா இரு" என்றார். கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம்.

பிப்ரவரி 19, வெள்ளி

மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் தெரு ஆண்கள் வடக்கே போனார்கள். அரிவாள், கம்பு, பெட்ரோல் கேன். நான் பெண்கள் எல்லாரையும் என் வீட்டுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி செபமாலை தொடங்கினேன். இரண்டாம் காரணிக்கத்தின் பத்து மணியை உருட்டும்போது அலறல் கேட்டது. "சத்தமாச் சொல்லுங்கடி" என்றேன். சொன்னார்கள். மூன்றாம் காரணிக்கத்தில் அதைவிடச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

முடித்துக் கதவைத் திறந்தபோது வானம் கறுத்துக் கிடந்தது. ஏழு வீடு. ஒரு சினை ஆடு. உயிர்ச்சேதம் இல்லை, ஆண்டவருக்கு நன்றி. ஒரு பெண்ணின் காதைத் தோட்டோடு அறுத்துவிட்டார்களாம். அது பொய்யாக இருக்கும்.

போலீஸ் வந்து இரண்டு தெருவிலும் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

பிப்ரவரி 21, ஞாயிறு

பிரசங்கத்தில் ஃபாதர் அழுதுவிட்டார். "உங்களைத் துன்புறுத்துகிறவர்களுக்காகச் செபியுங்கள். சும்மா வாயால் அல்ல, பெயர் சொல்லிச் செபியுங்கள்" என்றார். நடு வாசலுக்கு வடக்கே அவர்கள், தெற்கே நாங்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. சமாதானம் சொல்லும் நேரத்தில் எல்லாரும் சுவரைப் பார்த்துக் கும்பிட்டோம்.

பிப்ரவரி 24, புதன்

ரெமியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். சோற்றை இடது கையால் பிசைய அவனுக்குத் தெரியவில்லை. நான் ஊட்டப் போனேன். தட்டைக் காலால் எத்தினான். சுவரெல்லாம் சோறு. அன்செல்ம்தான் ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கினான்.

மத்தியானம் தெரு அடங்கியிருந்தபோது பின்வாசல் வழியாக பெர்ப்பெத்து வந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. தெலஸ்போரின் பெண்சாதி. எங்கள் தெருவில் பிறந்தவள்தான், அவளும் என் பால்வாடிதான். எரிந்த ஏழு வீட்டில் அவள் வீடும் ஒன்று. இப்போது இங்கே அம்மா வீட்டில் இருக்கிறாள். எங்கள் பெண் என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"டீச்சர், ஒரு மன்றாட்டு. நோட்டுல எழுத வேண்டாம். நீங்க மட்டும் மனசுல வச்சுக் கேளுங்க."

"சொல்லுட்டி."

"அவுக ஆலடிவிளை செங்கச்சூளையில கெடக்காக. வேலை நடக்காத பழைய சூளை. தொடை வெந்து சீழ் வச்சுட்டு, எந்திரிக்க முடியல. ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் புடிச்சிரும். வெளிய வந்தா நம்ம தெரு ஆளுக வெட்டிருவாங்க. எங்கம்மைக்குக்கூடத் தெரியாது."

"எங்கிட்ட ஏன் சொல்லுத? அவன் எறிஞ்சதுலதான எம் மவன் கை போச்சு?"

"அதனாலதான் டீச்சர். மத்தவங்க ஒப்புக்குக் கேப்பாங்க. நீங்க மன்னிச்சுக் கேட்டா ஆண்டவரு தட்டமாட்டாரு."

பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தேன். நான் மன்றாடுகிறேன் என்று சொன்னேன். சொன்னால் செய்கிறவள் நான். உள் அறையில் ரெமி கையில்லாத கையைச் சொறிய வேண்டும் என்று அழுதுகொண்டிருந்தான்.

பிப்ரவரி 26, வெள்ளி

சிலுவைப்பாதை. பதினான்கு தலத்திலும் முட்டி போட்டதில் முழங்கால் வீங்கிவிட்டது. ஆனை மார்க் தைலம் தேய்த்தேன்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு மன்றாட்டு எழுத உட்கார்ந்தேன். நாட்டுத் தலைவர்கள், மழை, நோயாளிகள் எல்லாம் ஆயிற்று. ஐந்தாவது, துன்புறுத்துகிறவர்களுக்காக.

~~எங்களுக்குத் தீங்கு செய்து, நோயுற்று மறைந்து வாழும் சகோதரர்களுக்காக~~

இது மொட்டை. அடித்துவிட்டேன்.

~~காயமுற்றிருக்கும் எங்கள் சகோதரர் தெலஸ்போருக்காக~~

பெயர் இருக்கிறது, இடம் இல்லை, நோவும் சரியாக இல்லை. இதையும் அடித்துவிட்டேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது. ஃபாதர் இனிமேல் சிரிக்கட்டும் பார்ப்போம். பேனாவில் மை நின்று நின்று வந்தது. அன்செல்ம் தன் பேனாவைக் கொடுத்தான். என்ன எழுதுகிறேன் என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 28, ஞாயிறு

வாசித்தேன். ஒரு தடுமாற்றம் இல்லை. கோபுரத்துக் குழாயில் என் குரல் கடைசி வள்ளம்வரை கேட்டதாம்.

ஐந்தாவது மன்றாட்டை இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன், நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது: "இரக்கமுள்ள ஆண்டவரே, ஆலடிவிளையில், வேலை நின்றுபோன செங்கல் சூளையில், தொடையில் பட்ட தீக்காயத்தால் எழுந்து நடக்கவும் முடியாமல், துணைக்கு ஆளில்லாமல் கிடக்கும் எங்கள் சகோதரர் தெலஸ்போரை நாங்கள் மன்னிக்கிறோம். அவருக்கு விரைவில் விடுதலை தந்தருள வேண்டுமென்று உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சனங்கள் பதில் சொல்ல வேண்டும். தெற்குப் பக்கம் மட்டும் சொன்னது. ஒரே குரலில் சொன்னார்கள். வடக்குப் பக்கம் ஒரு பெஞ்சு விழுந்த சத்தம். எங்கள் பக்கத்துப் பெண்கள் நடுவில் பெர்ப்பெத்து எழுந்து நின்றாள். பிள்ளை கையிலிருந்து நழுவ, பக்கத்தில் இருந்தவள் பிடித்தாள். ஃபாதர் பீடத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது மன்றாட்டு வாசிக்கும்போது மைக் கீச்சென்று கத்தியது. நிறுத்த ஆளில்லை. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சூரை மீன் வெட்டக் கத்தியைத் தேடினேன். காணவில்லை. எங்கே வைத்தேனோ. அரிவாள்மனையில் அரிந்து குழம்பு வைத்தேன். அன்செல்ம் சாப்பிட வரவில்லை. அவன் பங்கை மூடி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 29, திங்கள்

தெலஸ்போர் செத்துவிட்டான். நேற்று மத்தியானமே. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற தேதியில் இதை எழுதுகிறேன்.

பதினோரு வெட்டு என்கிறார்கள். சூளைக்குள் ஊர்ந்து ஊர்ந்து போயிருக்கிறான். செங்கல் பொடி முழுக்க அவன் இழுத்துப் போன தடம் இருந்ததாம். கடைசியாக வலது கையைத் தனியே எடுத்து ஒரு செங்கல்லின் மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வடக்குத் தெருவில் மூன்று பேர் என்று பேசுகிறார்கள். எங்கள் தெருவில் யாரும் பேசவில்லை. அன்செல்ம் இன்னும் வரவில்லை. குழம்பு கெட்டுப்போயிற்று, கொட்டிவிட்டேன்.

மார்ச் 2, புதன்

ஒருத்தன்தான். மூன்று பேர் இல்லை.

அன்செல்ம் நேற்றுச் சாயங்காலம் கத்தியோடு போலீசில் சரணடைந்துவிட்டான். என் கத்தி. பிடியில் நான் சுற்றின பச்சை ஒயர் அப்படியே இருந்ததாம்.

எங்கள் தெருவில் நாற்பது ஆண்பிள்ளைகள் இருக்கிறார்கள். அன்றைக்குப் பெட்ரோல் கேன் தூக்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தன் போயிருக்கக் கூடாதா? ஒரு ஈ எறும்பை அடிக்காதவன் இவன். இவன் எதற்குப் போனான்? ஐயோ, இவன் எதற்குப் போனான்?

ஃபாதர் வந்தார். உட்காரவில்லை.

"டீச்சர், இடத்த ஏன் சொன்னீங்க?"

"நீங்கதான ஃபாதர் சொல்லச் சொன்னீங்க. பெயர் சொல்லி, இடம் சொல்லி, நோவு சொல்லின்னு."

 அவர் வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். நான் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

மார்ச் 5, சனி

தெலஸ்போர் அடக்கம். எங்கள் தெருவிலிருந்து பெர்ப்பெத்துவையும் அவள் அம்மாவையும் தவிர யாரும் போகவில்லை. நான் போகலாம் என்று சேலை மாற்றினேன். ரெமி, "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போற?" என்றான். மறுபடி பழைய சேலையைக் கட்டிக்கொண்டேன்.

மார்ச் 11, வெள்ளி

இந்த வாரமும் அன்பியம் கூடவில்லை.

ஜெயிலுக்குப் போனேன். இரட்டைக் கம்பிவலை. அந்தப் பக்கம் பத்துப் பேர் கத்த, இந்தப் பக்கம் பத்துப் பேர் கத்த, யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. அன்செல்மின் இடது கண் மூடி வீங்கியிருந்தது. யார் அடித்தார்கள் என்று கேட்டேன். தெலஸ்போரின் அண்ணன் ஜஸ்டஸும் அதே ஜெயிலில்தான் இருக்கிறான், பழைய கொலைக் கேஸ். அவனுக்கு உள்ளே ஆட்கள் உண்டு.

"இவன எந்த பிளாக்குல வச்சிருக்கோம்னு அவங்களுக்குத் தெரியாதும்மா. மாத்தி மாத்தி வைக்கோம். நீங்களும் வெளிய சொல்லிராதிய" என்றார் ஒரு வார்டர். எனக்கு மட்டும் நம்பர் சொன்னார், மனு எழுத வேண்டுமே என்று.

அன்செல்ம் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டான். அவ்வளவு இரைச்சலிலும் அவன் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"நான் சரியாத்தானம்மா புரிஞ்சுக்கிட்டேன்?"

"என்னல?"

"அன்னைக்கு மைக்குல. எனக்குத்தான சொன்ன?"

நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். இல்லை என்று நான் சொல்வதற்குள் அவனைக் கூட்டிப் போய்விட்டார்கள். சொல்லியிருப்பேன். நிச்சயம் சொல்லியிருப்பேன்.

மார்ச் 25, பெரிய வெள்ளி

சிலுவை முத்தம் செய்ய வரிசையில் நின்றேன். எனக்கு முன்னாலும் பின்னாலும் இடம் விட்டு நின்றார்கள்.

மார்ச் 27, உயிர்ப்பு ஞாயிறு

ரெமி இடது கையால் ஒரு பிடி சோறு சிந்தாமல் தின்றான்.

ஏப்ரல் 1, வெள்ளி

தவக்காலம் முடிந்துவிட்டது. நோட்டை இன்னும் கொடுக்கவில்லை.

இன்று அன்பியத்தைக் கூட்டினேன், என் வீட்டில். ஆறு பேர் வந்தார்கள். சுக்குக்காப்பி இருபது பேருக்குப் போட்டுவிட்டேன். பைபிள் வாசித்து முடிக்கும்போது முன்வாசல் வழியாக பெர்ப்பெத்து வந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. யாரும் நகரவில்லை. அவளே பாயில் இடம் பார்த்து என் எதிரே உட்கார்ந்தாள்.

மன்றாட்டு நேரம். யாரும் வாய் திறக்கவில்லை. பெர்ப்பெத்து திறந்தாள்.

"ஜெயில்ல இருக்க அன்செல்முக்காகக் கேக்கணும், டீச்சர்."

ஒருத்தி விசும்பினாள். எனக்கும் கண் கலங்கியது. அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் பிள்ளையை மடி மாற்றிக்கொண்டு, சேலையில் செருகியிருந்த துண்டுக் காகிதத்தை எடுத்தாள். ஒரு பென்சிலும்.

"எந்த பிளாக்கு? ரூம் நம்பர் என்ன? குளிக்க எத்தன மணிக்கு வெளிய விடுதாங்க?"

நான் பைபிளை மூடி வைத்தேன்.

"வார ஞாயிறு சூசையப்பர் அன்பியத்து முறை. வடக்குத் தெரு. அவுககிட்ட எழுதிக் குடுத்தா மைக்குல வாசிப்பாங்க. சொல்லுங்க டீச்சர். மொட்டையாக் கேக்கக் கூடாதுல்லா."

அவள் முகத்தில் கோபம் இல்லை. சத்துமாவு உருண்டைக்குக் காத்திருந்த அந்த மூன்று வயசு முகம்தான். பென்சில் காகிதத்தின் மேல் நின்றது. பிள்ளை என் வளையலைத் தொட்டு விளையாடியது.

எனக்கு நம்பர் தெரியும். வார்டர் சொன்னது ஒன்றுவிடாமல் ஞாபகம் இருக்கிறது.  

"பேரு மட்டும் போதும் பெர்ப்பெத்து" என்றேன். "இடம் வேண்டாம். ஆண்டவருக்குத் தெரியும்."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கும் ஆண்டவருக்குத் தெரியும்லா, டீச்சர்."

ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவள் காகிதத்தை மடித்துப் பிள்ளையின் கையில் விளையாடக் கொடுத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "அன்செல்முக்காக, ஆண்டவரே" என்று மட்டும் சொன்னாள். மற்றவர்கள் பதில் சொன்னார்கள். எனக்குக் குரல் வரவில்லை.

சுக்குக்காப்பி ஆறிப்போயிற்று. யாரும் குடிக்கவில்லை.

நாளைக் காலைப் பூசைக்கு முன்னால் இந்த நோட்டை ஃபாதரிடம் கொடுக்கப் போகிறேன். போலீசுக்குக் கொடுப்பாரோ, என்ன செய்வாரோ, அவர் இஷ்டம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பிப்ரவரி 26ஆம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று இரண்டு தடவை கையை வைத்தேன். கிழிக்கவில்லை. நான் அடித்த இரண்டு வரியையும் கோட்டுக்கு அடியில் நன்றாகப் படிக்க முடிகிறது.